எதோடு ஒப்பிட்டு?

(திருப்பதியில் சமூகப்பணி மாணவர்களுக்காக நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



திருப்பதியில் தமிழில் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். “நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பிள்ளைகள் நிறைய வருவார்கள், தாராளமாகப் பேசுங்கள்” என்றார்கள். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானபோது வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்துத்தான் உருவாக்கினார்கள். ஆகவே நானும் அயலூரில் பேசுவதாக நினைக்கவில்லை.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு சேவைத் திட்டம் பலன் தந்தது என்று யாராவது சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எதோடு ஒப்பிட்டு?” என்பதுதான். அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் அதே மக்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று காட்டாதவரை, அறிக்கையில் இருப்பது செலவுக் கணக்கு. அதை விளைவு என்று சொல்ல முடியாது. இப்படிக் கேட்பது மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து அண்மையில் வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகவே அது இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை வைத்திருந்தவர்கள் மருத்துவர்கள். சமூகப்பணித் துறை அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

1. மதனப்பள்ளியும் சேத்துப்பட்டும்

மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்று ஓர் ஊர் உண்டு. காசநோயாளிகளுக்காக மிஷன் சபைகள் சேர்ந்து 1912-இல் மதனப்பள்ளியில் தொடங்கிய சானடோரியம் 1915-இல் அங்கே இடம் மாறியது. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, இவைதான் சிகிச்சை. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள்.

பின்னாளில் பொறுப்பில் இருந்த யோஹானஸ் பிரிமோட்-மோலர் தன்னிடம் வந்த நோயாளிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. 1950 வாக்கில் மதனப்பள்ளி நகரையும் சுற்றுக் கிராமங்களையும் ஆய்வுக் களமாக்கிக்கொண்டார். சானடோரியத்துக்கு வராதவர்களையும் சேர்த்து ஊர் ஊராகப் பரிசோதித்தார். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். அதன் முடிவுகள் 1964-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழிலும், 1973-இல் சர்வதேசக் காசநோய் எதிர்ப்பு ஒன்றியத்தின் இதழிலும் வெளியாயின. நம் துறையிலோ மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு மார்ச் மாதத்துக்குள் “தாக்க மதிப்பீடு” கேட்கிறார்கள்.

இதைவிட முக்கியமான பரிசோதனை சென்னையில் நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் ஆகுமா? ஆகாது என்பதுதான் அப்போது பெரும்பாலோர் நம்பிக்கை. நெருக்கடியான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வே இல்லாத வாழ்க்கை. இதில் மருந்து என்ன செய்யும் என்றார்கள்.

வாதாடிக்கொண்டிராமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னை நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தார்கள், இன்னொரு பிரிவினர் வீட்டில். மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றே. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் தாராளமாகக் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நடமாடினார்கள், வேலை செய்தார்கள், பழைய சாப்பாட்டையே சாப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டின் இறுதியில் கிருமி அடங்கிய நிலையை அடைந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். ஐந்தாண்டுப் பின்தொடர்தலில் அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துபோனது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

சமூகப்பணி மாணவர் இதை எப்படிப் படிக்க வேண்டும்? ஒரு தாய் ஓராண்டு குழந்தைகளைப் பிரிந்து சானடோரியத்தில் கிடக்க வேண்டாம் என்று இந்தப் பரிசோதனை சொன்னது. சம்பாதிக்கும் ஒரே ஆள் வீட்டைவிட்டுப் போக வேண்டாம் என்று சொன்னது. 1962-இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. நல்லெண்ணத்தில் கட்டப்பட்ட சானடோரியங்கள் மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தபோது அவற்றின் தேவை குறைந்துபோனது, அவ்வளவுதான்.

ஒப்பிட்டால் நமக்குப் பிடிக்காத விடையும் வரலாம். 1955-இல் ராஜாஜி பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் பல எனக்கு உடன்பாடல்ல. ஆனால் ஊசி பயன்தரும் என்பதற்குச் சான்று கேட்டது தவறில்லை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், அதாவது உங்கள் நகரிக்கும் புத்தூருக்கும் எல்லை தாண்டினால் வரும் ஊர்களில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. பரிசோதனை தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுக்க அது இன்றும் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது ஒப்பீட்டால்தான்.

2. பதிவேட்டில் இல்லாத பத்தி

இப்போது நம் துறைக்கு வருவோம். திருப்பதி ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் வந்து இறங்கும் நிலையங்களில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான உதவி மேசைகளில் ஒரு பெரிய நோட்டு இருக்கும். பல ஊர்களில் அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறேன். தேதி, பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், எந்த நடைமேடையில் கிடைத்தான், குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்திய நாள், யாரிடம் ஒப்படைக்கப்பட்டான். கடைசிப் பத்தியில் “பெற்றோர்” என்று எழுதி ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு. மாதக் கடைசியில் எண்ணிக் கூட்டினால் “மீட்கப்பட்ட குழந்தைகள்” கணக்கு வந்துவிடும்.

வைத்துக்கொள்வோம், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் குடிகார அப்பாவின் அடி தாங்காமல் ஓடிவந்தான். நீங்கள் அவனை அதே அப்பாவிடம் ஒப்படைத்தீர்கள். கணக்கில் ஒன்று. இரண்டு மாதம் கழித்து அவன் இன்னொரு நிலையத்தில் கிடைக்கிறான். அங்கே வேறொரு நோட்டு, மறுபடியும் கணக்கில் ஒன்று. திட்டத்தின் பார்வையில் வெற்றி இரண்டு. பையனின் வாழ்க்கையில் வெற்றி ஒன்றுமில்லை.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்கிறது. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறது. சட்டத்தில் குறையில்லை. நோட்டில்தான் “ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறான்?” என்ற பத்தி இல்லை. அந்த ஒரு பத்தியைச் சேர்த்தாலே, எந்த வகை வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் தங்கினார்கள், எந்த வகை வீட்டிலிருந்து மறுபடி ஓடினார்கள் என்று ஒப்பிடத் தொடங்கலாம். இதற்குப் பெரிய ஆராய்ச்சி நிதி வேண்டாம், போன் பேச ஒரு ஆள் போதும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் இதே கதைதான். பெரிய நிறுவனங்கள் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களுக்கு வெளியாரை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து வரும் மதிப்பீட்டாளருக்கு, தொடங்கும் முன் ஊர் எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டித் தொழில் நகரைச் சுற்றி வேலை செய்யப்போகும் மாணவர்கள், நிதி வரும் அன்றைக்கே அடிப்படைக் கணக்கெடுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

3. நன்றி சொன்னார்கள் என்பது போதாது

பயனாளிகளைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வை நீங்கள் மறக்கவே கூடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் 1930-களின் இறுதியில் தொடங்கியது அது. மருத்துவமனைக்குள் சமூகப்பணியாளர்களைக் கொண்டுவந்தவர் அவர். 1931-இல் சமூகப்பணியாளர் மாநாட்டிலேயே, உங்கள் வேலையை அளந்து காட்டுங்கள் என்று கேட்டவரும் அவரே. ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 506 சிறுவர்களை ஒரே மாதிரியான இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர் வீட்டுக்குப் போய்வந்தார். படிப்புக்கு உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் என்று சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் கிடைத்தது. நாம் கனவு காணும் சேவை.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆலோசகர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். ஆனால் மறுபடி குற்றம் செய்தல், குடி, மனநோய், அகால மரணம் என்று பார்த்தால் உதவி பெற்றவர்களே உதவி பெறாத இணைகளைவிட மோசமாக இருந்தார்கள். 1978-இல் வெளியான இந்த முடிவைப் படித்த எந்தச் சமூகப்பணியாளருக்கும் வயிற்றைக் கலக்கும். இணைகள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திட்டம் இன்றுவரை பாடப்புத்தகங்களில் வெற்றிக்கதையாக இருந்திருக்கும்.

பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமானால் ஹைதராபாத் நுண்கடன் ஆய்வு. 104 குடியிருப்புகளில் பாதியைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் முதலில் நுண்கடன் கிளை திறந்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதைப் பெருக்கினார்கள். பெண்களின் முடிவெடுக்கும் உரிமையிலோ பிள்ளைகளின் படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. நுண்கடனை ஒழிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கடன் கடனாக வேலை செய்தது. விடுதலையாக வேலை செய்யவில்லை.

4. எண்ணாமல் விட்டது

ஒப்பீட்டுக்காரர்களுக்கும் ஒரு குறை உண்டு. எதை அளப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதால், எதிர்பாராமல் வந்ததை அவர்கள் தவறவிடுவார்கள். இதற்கு உலகத்துக்கே உதாரணம் உங்கள் பக்கத்து மாவட்டமான நெல்லூர்.

1990-களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் இங்கெல்லாம் வேகமாக நடந்தது. சித்தூரில் “அட்சர தபஸ்மான்” என்றும் நெல்லூரில் “அட்சர தீபம்” என்றும் அதற்குப் பெயர். பகலெல்லாம் கூலி வேலை, இரவில் அரிக்கேன் விளக்கில் பாடம். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் படிக்க வந்த பெண்கள், இரவில் கூடி உட்கார்ந்ததால், தங்கள் எல்லோர் வீட்டுக் கூலியும் எங்கே போகிறது என்று பேசத் தொடங்கினார்கள். போய்ச் சாராயக் கடையை மூடினார்கள். அவர்கள் கதை அடுத்த பாடநூலில் ஒரு பாடமாக வந்தது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்களும் கிளம்பினார்கள். சாராய ஏலம் நடத்தவே முடியாத நிலை வந்தது. போராட்டம் மாவட்டம் தாண்டிப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை.

எழுத்தறிவு இயக்கத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட இடம் இருந்தது. சாராயக் கடைக்கு இடம் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சாராயப் போராட்டத்தைக் காட்டி எழுத்தறிவுக் கணக்கை மூடிமறைக்கவும் கூடாது. 1994-இல் அருண் கோஷ் தலைமையிலான வல்லுநர் குழு நாடு முழுவதும் இயக்கங்களை ஆராய்ந்தபோது, சாதனை எண்கள் பல இடங்களில் மிகைப்படுத்தப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. பெண்கள் ஒன்று சேர்ந்ததும் உண்மை, படித்தவர்களில் பலர் எழுத்தை மறந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதும் துணிவு மதிப்பீட்டாளருக்கு வேண்டும். அதனால்தான், எண்களோடு கூட, களத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கும் ஆளும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இருக்க வேண்டும் என்கிறேன். அந்த ஆள் சமூகப்பணியாளராக இருப்பது நல்லது. பொருளியலாளர்களுக்கு அந்தப் பொறுமை குறைவு.

5. கண்டுபிடித்த பிறகு

மதிப்பீடு ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகு என்ன ஆகிறது? இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சித்தூரும் இருந்தது. அந்தத் திட்டத்துக்கான சமூகத் தணிக்கையை ஆந்திரம்தான் முறையாகக் கட்டியெழுப்பியது. தொழிலாளர் குடும்பத்துப் படித்த பிள்ளைகளே வருகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், “இந்தப் பன்னிரண்டு நாள் நீ வேலைக்குப் போனாயா, கூலி வந்ததா?” என்று கேட்பார்கள். பிறகு கிராமசபை, மண்டல அளவில் பிரஜா வேதிகா என்ற மக்கள் மேடை. அதிகாரியின் முகத்துக்கு நேரே கூலிக்காரர் பேசுவதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும்.

ஆனால் 2006 முதல் 2010 வரையிலான தணிக்கை அறிக்கைகளை ஒப்பிட்டு பர்சானா அஃப்ரிதியும் வெகார்ட் ஐவர்சனும் எழுதிய ஆய்வு என்ன சொன்னது? அடுத்தடுத்த தணிக்கைகளால் முறைகேடு மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. கூலியில் கைவைப்பது எளிதில் பிடிபடும் என்பதால், பொருள் கொள்முதலுக்கு அது இடம் மாறியது. கண்டுபிடித்த பணத்தில் பெரும்பகுதி திரும்ப வரவில்லை. ஆக, மதிப்பீடு என்பதும் ஒரு திட்டம்தான். அதையும் “எதோடு ஒப்பிட்டு?” என்று கேட்க வேண்டும். மெய்சிலிர்த்தது போதாது.

6. “பாதிப் பேருக்கு இல்லை என்பீர்களா?”

ஒப்பீடு என்றதும் வரும் நியாயமான எதிர்ப்பு இது. பசித்தவனை இரண்டாகப் பிரித்து ஒருவனுக்கு மட்டும் சோறு போடுவதா? வேண்டாம். சேத்துப்பட்டில் யாருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. இரண்டு வழிகளில் எது நல்லது என்றுதான் பார்த்தார்கள். பெரும்பாலான நேரங்களில் நம் முன் இருப்பதும் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியன்று, எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியே. தவிர, திட்டங்கள் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதுமில்லை. 2000-இல் ‘வெலுகு’ வறுமை ஒழிப்புத் திட்டம் சித்தூர் உட்பட ஆறு மாவட்டங்களில்தான் தொடங்கியது. கடப்பை அடுத்த கட்டத்தில் சேர்ந்தது. வரிசையில் நிற்கும் காலம் இருக்கவே இருக்கிறது. அதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவதில் யாருக்கும் நட்டமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் சேர்க்கப்பட்டவை ஏழ்மையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்கள் என்பதால், சித்தூரையும் கடப்பையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தவறும்.

சில நேரம் ஒப்பீடு தானாகவே வந்து வாசலில் நிற்கும். 2024-இல் ஆந்திரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மார்ச் வரை ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர், மாதம் பிறந்ததும் முதியோர் பென்ஷனை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். தேர்தல் ஆணையம் வாலண்டியர்களை விலக்கியதால் ஏப்ரலில் ஊர்ச் சச்சிவாலய அலுவலகத்துக்குப் போய் வாங்க வேண்டியதாயிற்று. மே, ஜூன் மாதங்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கில் விழுந்தது. ஜூலை முதல் தேதி சச்சிவாலய ஊழியர்களே வீடு தேடி வந்து, உயர்த்தப்பட்ட 4,000 ரூபாயும் மூன்று மாத நிலுவையும் சேர்த்து 7,000 ரூபாய் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்துக்குள் அதே கிழவிக்கு நான்கு வழிகளில் பணம் வந்தது. இப்படியொரு சந்தர்ப்பம் எந்த ஆய்வாளருக்கும் எளிதில் கிடைக்காது.

எந்த வழியில் பணம் முழுதாகக் கைக்கு வந்தது? வங்கியில் விழுந்தபோது யார் போய் எடுத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது? நடக்க முடியாதவர் ஏப்ரலில் என்ன செய்தார்? மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது? தொகையும் மாறியதால் ஜூலையை மற்ற மாதங்களோடு நேராக ஒப்பிட முடியாது என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊர்ச் சச்சிவாலயம் ஒன்று போதும், கணினிப் பதிவுகளை அவர்கள் காட்டுவார்கள். பிறகு பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போங்கள், தெலுங்கிலும் தமிழிலும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிறது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே போங்கள்.